எண்ணெய் எந்தக் கட்டத்தில்?

பெங்களூரில் டிசம்பர் மாதக் காலைகளில் குளியலறைக்குள் நுழைந்ததும் முதல் வேலை, தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெந்நீர் வாளிக்குள் போடுவது. ராத்திரியே அது உறைந்து வெள்ளையாகியிருக்கும். கவிழ்த்துப் பிடித்துத் தட்டினாலும் ஒரு சொட்டு விழாது. நான் வளர்ந்த திருநெல்வேலிப் பக்கம் இது அபூர்வக் காட்சி. என் மகளுக்கோ வருஷா வருஷம் நடக்கிற சாதாரண விஷயம்.

போன டிசம்பரில், இரண்டாம் வகுப்பு படிக்கும் அவள் ஓர் ஒர்க்‌ஷீட்டோடு வீட்டுக்கு வந்தாள். மூன்று கட்டங்கள். சாலிட், லிக்விட், கேஸ். மேலே பத்துப் பொருட்களின் பெயர்கள். ஒவ்வொன்றையும் அதற்குரிய கட்டத்தில் எழுத வேண்டும். செங்கல், பால், பலூனுக்குள் இருக்கும் காற்று என்று ஒன்பது சரியாக எழுதியிருந்தாள். எண்ணெயை மட்டும் சாலிட் கட்டத்தில் போட்டிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

"நான் பாத்தேன்ப்பா. காலைல கல்லு மாதிரி இருந்துச்சு. நீதானே வாளிக்குள்ள போட்ட?"

"அது குளிர்ல அப்படி ஆயிருச்சு கண்ணு. எண்ணெய்னா லிக்விட்தான். மிஸ் சொன்னதுதான் கரெக்ட்."

இதைச் சொன்ன நான் இன்ஜினியரிங் படித்தவன். தெர்மோடைனமிக்ஸில் ஓர் அரியர் வைத்தேன் என்றாலும் கடைசியில் பாஸ் செய்தவன். அவள் அழவில்லை, வாதாடவும் இல்லை. ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, லிக்விட் கட்டத்தில் எழுதிக்கொண்டாள். அவ்வளவு சுலபமாக அழித்ததுதான் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. காலையில் கண்ணால் பார்த்த ஒன்றை, மாலையில் இரண்டு பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக அழித்துவிட்டாள். அந்த இரண்டு பேரில் ஒருவன் நான்.

பிழைப்புக்கு நிரல் எழுதுகிறேன். எங்கள் தொழிலில் புதிதாகச் சேர்கிறவர்கள் தவறாமல் செய்யும் ஒரு பிழை உண்டு. வாடிக்கையாளர் கொடுத்த ஓர் ஆர்டர் 'காத்திருக்கிறது', 'அனுப்பியாச்சு', 'திரும்பி வந்துவிட்டது' என்பதெல்லாம் அதன் நிலை. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு வேறொன்று. அதைப் போய் அந்த ஆர்டரின் வகையாக எழுதி வைத்துவிடுவார்கள். அனுப்பிய பொருள் திரும்பி வரும் நாளில் மொத்த அமைப்பும் திணறும். அந்த ஒர்க்‌ஷீட்டும் அதைத்தான் செய்திருந்தது. 'திரவம்' என்பதை எண்ணெய் பிறக்கும்போதே கூட வந்த சாதி மாதிரி ஆக்கிவிட்டது. தமிழ்ப் பாடநூல்களில் அந்தப் பாடத்தின் பேரே பொருளின் 'நிலை'களைப் பற்றியது. பேரில் சரியாகத்தான் இருக்கிறது. கட்டம் போடும்போது தவறிவிடுகிறது.

தேடிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, இந்தக் குழப்பம் லேசுப்பட்டதல்ல. ஐரோப்பாவின் தலைசிறந்த மூளைகளை நூறு நூற்றைம்பது வருடம் சுற்றலில் விட்ட குழப்பம் இது.

*

அரிஸ்டாட்டிலின் உலகில் நிலம், நீர், காற்று, தீ என்று நான்கு பூதங்கள். நமக்கு வானத்தையும் சேர்த்து ஐந்து. அந்த நான்கும் ஒன்று மற்றொன்றாக மாறும். அடுப்பில் வைத்த நீர் வற்றிப்போனால், நீர் காற்றாகிவிட்டது என்று கொள்ள வேண்டும். ஒரே பொருள் வேறு நிலைக்குப் போகவில்லை, ஒரு பொருளே இன்னொரு பொருளாகிவிட்டது. இதைக் கேட்டுச் சிரிப்பது சுலபம். ஆனால் காலிப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு, முன்முடிவு இல்லாமல் யோசித்துப் பாருங்கள். வேறென்ன சொல்லத் தோன்றும்?

'கேஸ்' என்ற சொல்லுக்கே வயது நானூறு வருடம்கூட ஆகவில்லை. பிரஸ்ஸல்ஸ்காரரான வான் ஹெல்மொன்ட் 62 பவுண்டு கரியை எரித்தால் ஒரு பவுண்டு சாம்பல்தான் மிஞ்சுகிறது என்று கணக்குப் போட்டார். மீதி 61 பவுண்டு எங்கே? கண்ணில் படாத, பாத்திரத்தில் அடைத்து வைக்க முடியாத ஒரு முரட்டு ஆவியாகிப் போய்விட்டது என்றார். அதுவரை பெயரில்லாத அந்த ஆவிக்கு, கிரேக்கத்தின் 'கேயாஸ்' என்ற சொல்லின் சாயலில் 'கேஸ்' என்று பேர் வைத்தார். அவர் இறந்த பிறகு, 1648இல், இது நூலாக வந்தது. 'ஆவி' என்று நான் சும்மா எழுதவில்லை. அவர் லத்தீனில் எழுதிய சொல்லுக்கும் ஆன்மா, மூச்சு என்றெல்லாம் பொருள் உண்டு. இட்லிக் கொப்பரையிலிருந்து வருவதும் ஆவி, ஊர் எல்லைப் புளியமரத்தில் குடியிருப்பதும் ஆவி என்று சொல்லும் தமிழனுக்கு வான் ஹெல்மொன்டின் பிரச்சினை உடனே புரியும்.

ஆனால் அவர் நீராவி வேறு, கேஸ் வேறு என்று பிரித்தே வைத்தார். அந்தப் பிரிவு நீண்ட காலம் நின்றது. ஆவி குளிர்ந்தால் மறுபடி நீராகிவிடும். காற்றோ என்றைக்கும் காற்றாகவே இருக்கும், அது அதன் இயல்பு. என் மகளின் ஒர்க்‌ஷீட்டில் 'காற்று' கேஸ் கட்டத்தில் உட்கார்ந்திருப்பது போல.

முதல் உடைப்பு கிளாஸ்கோவில் நிகழ்ந்தது. ஜோசப் பிளாக் அங்கே பேராசிரியர். ஸ்காட்லாந்தில் பனி உருகுவதை ஆண்டுதோறும் எல்லோரும் பார்க்கிறார்கள். பிளாக் மட்டும் அதில் ஒரு விசித்திரத்தைக் கண்டார். உருகுநிலையை எட்டிய பனிக்கட்டிக்கு இன்னும் ஒரு துளி வெப்பம் கொடுத்தால் போதும், அது நீராகிவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். அப்படியானால் வசந்தத்தில் மலைப்பனி மொத்தமும் ஒரே நாளில் உருகி ஊர்களை அடித்துக்கொண்டு போக வேண்டுமே? போகவில்லை. வாரக்கணக்கில் சன்னமாகக் கசிகிறது. உருகுகிற பனி எங்கிருந்தோ வெப்பத்தை வாங்கி வாங்கி உள்ளே ஒளித்துக்கொள்கிறது. தெர்மாமீட்டரில் அது தெரிவதில்லை.

1760களின் தொடக்கத்தில் இதைச் சோதிக்க அவர் செய்தது, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்கூடச் செய்யக்கூடிய ஒன்று. ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் பனிக்கட்டி, இன்னொன்றில் உறைநிலைக்கு மிக அருகில் குளிர்வித்த நீர். இரண்டையும் ஒரு பெரிய அறையில் தொங்கவிட்டார். நீர் ஏழு பாரன்ஹீட் டிகிரி சூடேற அரை மணி நேரம் ஆனது. பனிக்கட்டி உருகி அதே சூட்டுக்கு வந்துசேரப் பத்தரை மணி நேரம் ஆனது. இருபத்தொரு மடங்கு. அந்த அறையில் பத்தரை மணி நேரமும் ஒரு மனிதர் காத்திருந்தார் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம். பிளாக் இதைப் புத்தகமாகப் போடவும் மெனக்கெடவில்லை. வகுப்பில் மாணவர்களுக்குச் சொன்னார், அவ்வளவுதான். அவர் இறந்த பிறகு, 1803இல்தான் அந்தப் பாடங்கள் அச்சேறின.

பாரிஸில் லவாய்சியேவுக்கு வேறொரு பழைய நம்பிக்கையோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. நீரை நெடுநேரம் காய்ச்சினால் அது மண்ணாகும் என்பது அந்த நம்பிக்கை. ஆதாரம் உண்டு, பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே. எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரைக் காய்ச்சும் கெட்டிலின் அடியைப் பார்த்து, "தண்ணி கல்லாயிடுச்சுப்பா" என்று இவளும் ஒருநாள் சொன்னதுண்டு. லவாய்சியே ஒரு மூடிய கண்ணாடிக் கலத்தில் நீரை 101 நாட்கள் தொடர்ந்து காய்ச்சினார். கடைசியில் கலத்தைத் தனியாகவும், படிந்ததைத் தனியாகவும் எடை போட்டார். கலம் இழந்த எடையும் படிந்த மண்ணின் எடையும் ஏறக்குறைய ஒன்று. கரைந்தது கண்ணாடி, நீருக்கு ஒன்றும் ஆகவில்லை. நீர் எங்கே போனாலும் நீர்தான்.

அதே லவாய்சியே 1789இல் வந்த தன் வேதியியல் நூலில் ஒரு கற்பனை செய்கிறார். பூமியைத் தூக்கிச் சூரியனுக்குப் பக்கத்தில், புதன் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? கடல்கள் எல்லாம் வாயுவாகி வானத்தில் கலந்துவிடும். எதிர்ப்பக்கம், கடுங்குளிரான இடத்துக்குத் தள்ளிவிட்டால்? ஆறுகளும் கடல்களும் மலைகளாக இறுகிவிடும். நாம் சுவாசிக்கும் இந்தக் காற்றே ஓரளவு திரவமாகி ஓடும். நாம் இதுவரை பார்த்தறியாத ஒரு திரவம்.

என்னைப் பொறுத்தவரை, பொருளின் மூன்று நிலைகள் என்ற எண்ணம் முழுதாகப் பிறந்தது இந்தப் பக்கங்களில்தான். எதுவும் பிறவியிலேயே திண்மமோ திரவமோ வாயுவோ அல்ல. எல்லாம் எங்கே இருக்கிறது, எவ்வளவு சூட்டில் இருக்கிறது, எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. திருநெல்வேலியில் ஒன்று, பெங்களூர் டிசம்பரில் வேறொன்று. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெப்பம் என்பதையே 'கலோரிக்' என்ற ஒரு பொருளாக எண்ணித் தன் தனிமங்களின் பட்டியலில் சேர்த்து வைத்திருந்தார் லவாய்சியே. அந்தப் பிழை தீர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அவர் அதைப் பார்க்க இருக்கவில்லை. 1794 மே மாதம் கில்லட்டின் அவர் தலையை வாங்கிவிட்டது.

*

பெரியவர்கள் இவ்வளவு பாடுபட்டுக் கண்டதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வியை முதலில் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர் ஜேன் மார்செட். லண்டனில் வாழ்ந்த சுவிஸ் வணிகர் ஒருவரின் மகள், மருத்துவர் ஒருவரின் மனைவி. ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ஃப்ரி டேவியின் உரைகளைக் கேட்கப் போனார். முதலில் சரியாகப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து கணவரோடும் நண்பர்களோடும் பேசிப் பேசித்தான் விளங்கிக்கொண்டார். எனவே அந்தப் பேச்சையே புத்தகமாக்கினார்: 'வேதியியல் உரையாடல்கள்'. 1806 என்று ஆண்டிட்டு வந்த முதல் பதிப்பில் ஆசிரியர் பெயர் கிடையாது. பெயர் ஏறியது ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து. அதற்குள் அமெரிக்காவில் அதைத் திருட்டுப் பதிப்பாகப் போட்டே பலர் பிழைத்துவிட்டார்கள்.

புத்தகத்தில் மூன்று பேர். திருமதி பி. என்ற ஆசிரியை, எமிலி, கேரலின் என்ற இரண்டு சிறுமிகள். எமிலி பொறுப்பான பெண். கேரலினுக்கு வேதியியல் மேல் ஆரம்பத்திலேயே நல்ல அபிப்பிராயம் இல்லை, அதை மறைப்பதும் இல்லை. குறுக்கே குறுக்கே பேசுவாள், நம்ப மறுப்பாள், அவசரப்பட்டுத் தப்பான முடிவுக்குத் தாவுவாள். எனக்குக் கேரலினைத்தான் பிடிக்கும். மார்செட் அவளை அதட்டி உட்காரவைப்பதில்லை. அவளுடைய தப்பைப் பிடித்துக்கொண்டுதான் பாடமே அடுத்த படிக்கு ஏறுகிறது.

இன்னொன்றும் கவனித்தேன். பொருட்களைப் பட்டியல் போடுவதற்கு முன்னாலேயே மார்செட் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறார். முதல் உரையாடல் பொது அறிமுகம். அடுத்த மூன்றும் வெப்பத்தைச் சுற்றியே. பிளாக்கின் ஒளிந்துகொள்ளும் வெப்பம் உட்பட எல்லாம் வந்துவிடுகிறது. ஆக்சிஜன், ஹைட்ரஜன் எல்லாம் அதற்கு அப்புறம்தான். நாம் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் மூன்று கட்டம், வெப்பம் பிறகு ஏதோவொரு வகுப்பில்.

அந்தப் புத்தகம் ஒரு பைண்டிங் கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்த பையன் கைக்குப் போனது. மைக்கேல் ஃபாரடே, கொல்லரின் மகன், பெரிய பள்ளிப்படிப்பு இல்லாதவன். தைக்க வந்த புத்தகங்களைப் படிக்கும் பழக்கம் அவனுக்கு. மார்செட் சொன்னவற்றைத் தன்னால் முடிந்த சின்னச் சின்னச் சோதனைகளால் சரிபார்த்தான், சரியாக இருந்தன, அதனால் நம்பினான். 1858இல் மார்செட் இறந்தபோது, உலகமே அறிந்த விஞ்ஞானியாகிவிட்ட ஃபாரடே இந்த நன்றியை ஒரு கடிதத்தில் எழுதி வைத்தார்.

லவாய்சியேவின் கற்பனையை மெய்யாக்கத் தொடங்கியவர்களில் முக்கியமானவரும் அவர்தான். 1823இல், மூடிய வளைகுழாய் ஒன்றில் குளோரின் கலந்த ஒரு படிகத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். பார்க்க வந்த பாரிஸ் என்ற மருத்துவர், குழாய்க்குள் எண்ணெய் மாதிரி ஏதோ இருப்பதைப் பார்த்து, அழுக்குக் குழாயில் வேலை செய்கிறாயே என்று கேலி செய்தார். ஃபாரடே குழாயை உடைத்தார், அது வெடித்துத் திறந்துகொண்டது, 'எண்ணெய்' மாயமானது. மறுநாள் பாரிஸுக்கு ஒரு குறிப்பு போனது. நீங்கள் பார்த்த எண்ணெய், திரவக் குளோரின் என்று. தன் அழுத்தத்தாலேயே தன்னைத் திரவமாக்கிக்கொண்ட வாயு. இந்த மாதிரி வேலைகளில் கண்ணாடிச் சில்லுகள் அவர் கண்ணையும் பதம் பார்த்திருக்கின்றன.

அதற்குப் பிறகும் சில வாயுக்கள் மசியவில்லை. ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் போன்றவற்றுக்கு 'நிரந்தர வாயுக்கள்' என்றே பேர் வைத்தார்கள். பாருங்கள், மறுபடியும் சாதி. 1877இல் ஆக்சிஜன் பனிமூட்டமாக இறங்கியது. 1898இல் ஹைட்ரஜன். 1908இல் லெய்டனில் ஹீலியம். அத்தோடு 'நிரந்தரம்' என்ற சொல்லுக்கு வேலை போனது.

*

ஃபாரடே தான் பெற்றதைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுத்தார். ராயல் இன்ஸ்டிட்யூஷனில் கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்கான உரைகள் 1825இல் தொடங்கின. அவரே பத்தொன்பது முறை பேசினார். கடைசி முறை 1860-61 குளிர்காலத்தில், அறுபத்தொன்பது வயதில். எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுவர்த்தி. ஆறு உரைகள். வில்லியம் குரூக்ஸ் அவற்றைத் தொகுத்து 1861இல் நூலாக்கினார்.

இவ்வளவு பெரிய விஞ்ஞானி ஏன் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டார்? அதில் மூன்று நிலைகளும் ஒரே நேரத்தில், ஒரு விரற்கடை இடைவெளிக்குள் இருக்கின்றன. கீழே திடமான மெழுகு. மேலே ஒரு குட்டிக் கிண்ணம், அதில் உருகிய மெழுகு. அந்தக் கிண்ணத்தைச் செய்தது யார்? சுடரின் சூட்டால் காற்று மேலே போகிறது, பக்கவாட்டிலிருந்து குளிர்ந்த காற்று வந்து ஓரங்களைக் குளிரவைக்கிறது, அதனால் விளிம்பு மட்டும் உருகாமல் சுவராக நிற்கிறது. அழகழகாகப் பூவேலை செய்த மெழுகுவர்த்திகளில் இந்தக் கிண்ணம் ஒழுங்காக அமையாது, ஒழுகிக்கொண்டே எரியும் என்றும் காட்டினார். திரி அந்தத் திரவத்தை மேலே இழுக்கிறது. சுடரின் நடுவில், கருமையாகத் தெரியும் இடத்தில், அது ஆவி. அங்கே ஒரு கண்ணாடிக் குழாயைச் சொருகி ஆவியை வெளியே கொண்டுவந்து, குழாயின் மறுமுனையில் பற்றவைத்தார். வர்த்தி ஓரிடத்தில், அதன் சுடர் இன்னோரிடத்தில்.

மூன்றாவது உரையில் நீர். தடித்த வார்ப்பிரும்புக் குப்பிகளில் நீரை நிரப்பி, மூடி, உப்பும் பனியும் கலந்த கலவையில் வைத்தார். நீர் உறைந்து விரிந்து குப்பிகளை உடைத்தது. பிறகு ஒரு உலோகக் கலத்தை நீராவியால் நிரப்பி மூடி, மேலே குளிர்ந்த நீர் ஊற்றினார். உள்ளே ஆவி சுருங்கி நீராக, கலம் நசுங்கிப்போனது. பனிக்கட்டி, நீர், நீராவி, மூன்றும் ஒன்றே என்பதை அந்தப் பிள்ளைகள் மனப்பாடம் செய்திருக்க மாட்டார்கள். உடைந்த சத்தத்தைக் கேட்டிருப்பார்கள்.

*

இனி, கொதிக்கிற தண்ணீரில் பெரிய பெரிய குமிழ்கள் வருகின்றனவே, அவற்றுக்குள் என்ன இருக்கிறது? ஆபீஸில் மதியச் சாப்பாட்டின்போது இதைக் கேட்டேன். எல்லோரும் இன்ஜினியர்கள். பெரும்பாலோர் காற்று என்றார்கள். ஒருவர் ரொம்ப உறுதியாக, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்றார். நீராவி என்று சொல்ல அந்த மேஜையில் கொஞ்ச நேரம் பிடித்தது. நானும் முதலில் காற்று என்றுதான் நினைத்திருந்தேன்.

நியூசிலாந்தில் ராஜர் ஆஸ்பர்னும் மார்க் காஸ்குரோவும் 8 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். 1983இல் அந்த ஆய்வு வெளியானது. வெப்பம், காற்று என்றெல்லாம் பதில்கள் வந்தன. என்னை உலுக்கியது வேறு. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்ற பதில், வயது கூடக் கூட அதிகம் வந்தது. நீர் அந்த இரண்டாலும் ஆனது என்று பள்ளியில் கற்றுக்கொண்டார்கள், கொதித்தால் அது பிரிந்துவிடும் என்று தாங்களே முடிவுகட்டிக்கொண்டார்கள். அரிஸ்டாட்டில் இருந்த இடத்துக்கே, புதுச் சொற்களோடு திரும்பிவிட்டார்கள். நீர் வேறு பொருளாகிவிட்டது என்று.

ஆசிரியரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடம், பாடத்தை முடிக்க வேண்டிய தேதி. மூன்று கட்டம் திருத்துவதற்குச் சுலபம். கட்டமே கூடாது என்றும் சொல்லமாட்டேன், பிள்ளைகளுக்குப் பிரித்து அடுக்குவது பிடிக்கும். கேள்வியில் 'இப்போது, இங்கே' என்று இரண்டு சொல் சேர்த்திருந்தால் போதும். என் கோபம் எல்லாம் என் மேல்தான். மிஸ்ஸுக்கு நாற்பது பேர். எனக்கு ஒருத்திதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டு, "நீ அன்னிக்கு எழுதினதும் சரிதான்" என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவளுக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும், "அப்ப ஏன் தப்புன்னு சொன்ன?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பதிலாகப் பூஜை அலமாரியிலிருந்து ஒரு சூடக்கட்டியை எடுத்துத் தட்டில் வைத்தோம். மாமியார், மிளகு போட்டு வை, இல்லாவிட்டால் காற்றோடு போய்விடும் என்றார். போகட்டும் அத்தை, அதைத்தான் பார்க்கப்போகிறோம் என்றேன். நாளுக்கு நாள் அது இளைத்துக்கொண்டே வந்தது. தட்டில் ஈரம் ஒருநாளும் இல்லை. ஆனால் அறையெங்கும் வாசனை. "இதுக்கு லிக்விட் ஆகத் தெரியாதா?" என்றாள். இந்த அறைச் சூட்டில் அதற்கு அந்த வழி தேவைப்படவில்லை என்றேன்.

பிறகு ஒருநாள் கரண்ட் போனபோது மெழுகுவர்த்தி ஏற்றினோம். ஃபாரடே செய்துகாட்டியதுதான். ஊதி அணைத்ததும் மேலே எழும் வெண்புகையின் நுனியில், எரியும் தீக்குச்சியைக் காட்டினால், நெருப்பு புகை வழியே தாவி இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னாள். தீப்பெட்டி தீர்ந்துகொண்டிருந்தது.

"அப்பா, தீ எந்தக் கட்டத்துல வரும்?"

ஒரு எவர்சில்வர் கரண்டியைச் சுடரின் மஞ்சள் பகுதிக்குள் காட்டினேன். கறுப்பாகப் படிந்தது. அந்த மஞ்சள் வெளிச்சமே இந்தக் கரித்துகள்கள் தகதகவென்று எரிவதால் வருவதுதான், ஃபாரடே அதையும் அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறார். கரண்டி ஆறியதும் அவளிடம் கொடுத்தேன். விரலால் தொட்டாள். விரலைப் பார்த்தாள்.

"இது சாலிட்," என்றாள். கொஞ்சம் யோசித்து, "தீக்குள்ள சாலிட் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, பாட்டியிடம் காட்டக் கரி விரலை நீட்டியபடி இருட்டில் உள்ளே ஓடினாள்.